பிரிக்காத கைவிசேஷம்

வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிய ஆள் இந்தக் கண்டியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். குனிந்து வாங்கினேன். வாங்கிவிட்டு நன்றியும் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

சித்திரை வருஷப் பிறப்பு விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாள் அது. எங்கள் கம்பனி சோப்பு, பிஸ்கட், பற்பசை போன்ற சாமான்களைக் கடைகளுக்கு விநியோகிக்கிற கம்பனி. தலைமை அலுவலகம் கொழும்பில். எங்கள் கிளையும் ஸ்டோரும் கட்டுகஸ்தோட்டைக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டி. புது வருஷத்தில் வேலை தொடங்குவதற்கென்று ஒரு சுபநேரம் குறித்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு விளக்கேற்றி, பால் பொங்க வைத்து, பாற்சோறும் கொக்கிஸ் பலகாரமும் வாழைப்பழமும் மேசையில் பரப்பி, எல்லோரும் புது உடுப்போடு நிற்போம். பிறகு ஒவ்வொருவராகப் போய் மெனேஜருக்கு வெற்றிலை கொடுத்துக் கும்பிட, அவர் ஒரு என்வலப்பில் கைவிசேஷம் தருவார். உள்ளே ஒரு புது ரூபாய்த் தாள் இருக்கும். பெரிய காசு இல்லை. ஆனால் வருஷத்தில் முதன்முதலாகக் கைக்கு வருகிற காசு நல்ல கையிலிருந்து வரவேண்டும் என்பதில் எங்களுக்கும் சிங்களவர்களுக்கும் பேதமே கிடையாது.

எங்கள் மெனேஜருடைய கை நல்ல கை என்றுதான் எல்லோரும் நம்பினோம். ஓய்வுக்குப் போகிற வயதில் இருக்கிற சிங்களவர், அதிர்ந்து பேசமாட்டார். பழைய ஆள் என்பதாலோ என்னவோ, அன்றைக்கு முதலில் என்னைக் கூப்பிட்டார். என்வலப் சற்றுத் தடிப்பாக இருந்தது. இந்த முறை வாழ்த்து அட்டையும் வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். அவருடைய கை சில்லென்றிருந்தது. என் தலையில் அதை வைத்துச் சிங்களத்தில் ஆசீர்வாதம் செய்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக. அந்த நீளத்தை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பாற்சோற்றுக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு என் மனைவியைக் கண்டியில் டொக்டரிடம் கூட்டிப் போகவேண்டியிருந்தது, மெனேஜரிடம் முன்கூட்டியே லீவு கேட்டிருந்தேன். அவள் வத்தேகமயில் ஒரு முன்பள்ளியில் டீச்சர். சில மாதங்களாக அவளுடைய கழுத்தில் ஒரு கட்டி. முதலில் கண்ணாடியில் பார்த்தால் மட்டும் தெரிந்தது. பிறகு எதிரில் நிற்பவர்களுக்கும் தெரிந்தது. குரல் கரகரத்தது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கையில் நடுவில் நின்றுவிடும். டொக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, கட்டி மூச்சுக்குழாயை அமத்துகிறது, குரல் நரம்புக்கும் பக்கத்தில் இருக்கிறது, ஒத்திப்போட வேண்டாம் என்று சொல்லி, அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். தனியார் ஆஸ்பத்திரி. செலவை என் கம்பனியின் மெடிகல் கார்ட் பார்த்துக்கொள்ளும். அந்தக் கார்டை நம்பித்தான் நாங்கள் அந்த ஆஸ்பத்திரிப் படியே ஏறினோம்.

போனில் அலுவலக ஆட்களின் மிஸ்ட் கோல்கள் வரிசையாகக் கிடந்தன. புது வருஷ வாழ்த்துத்தானே, பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என்வலப்பை மனைவியிடம் கொடுத்தேன். அவள் வீட்டுப் பழக்கம் ஒன்று கல்யாணத்தோடு எங்கள் வீட்டுக்கும் வந்தது. கைவிசேஷத்தைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் வரவு நின்றுபோகும் என்பார்கள். அப்படியே சாமித் தட்டில் வைத்து, அடுத்த வருஷம் புதியது வந்த பிறகுதான் பழையதைத் திறக்கவேண்டும். நான் இதைச் சொல்லி அலுவலகத்தில் பலமுறை கேலி வாங்கியிருக்கிறேன். மற்றவர்கள் என்வலப்பை வாங்கிய கையோடு கிழித்து, உனக்கெவ்வளவு எனக்கெவ்வளவு என்று பார்ப்பார்கள். நான் மட்டும் சேட்டுப் பையில் பத்திரப்படுத்துவேன். அன்றைக்கும் அவள் என்வலப்பின் நாலு மூலையிலும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடியவேண்டும் என்று அதற்கு முன்னால் நின்று இருவரும் கும்பிட்டோம். எதைக் கும்பிட்டோம் என்பதைப் பிறகு யோசித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் போய் இறங்கினேன். கேற்றில் விரல் வைக்கிற மெஷின் இருக்கிறது. வைத்தேன், சிவப்பு லைட் எரிந்தது. விரலில் விபூதி ஒட்டியிருக்கிறதாக்கும் என்று காற்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. மற்றக் கை விரலை வைத்தேன். அந்தக் கையை அந்த மெஷினுக்குத் தெரியவே தெரியாது என்பதுகூட அப்போது மறந்துபோயிற்று. செக்யூரிட்டிக்காரர் எனக்கு நல்ல பழக்கம், தினமும் காலையில் ஏதாவது பகிடி சொல்லுவார். அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தபடி, சேர், கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவில்லையா என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்.

எந்தக் கடிதம் என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. நேற்றுச் சிலருக்குத் தடித்த என்வலப் கிடைத்திருக்கிறது. எல்லோரும் வராந்தாவிலேயே கிழித்துப் பார்த்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்த எச்.ஆர். மிஸ் ஒருவர் உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். நான் மட்டும்தான் பாக்கி. என் பெட்டியை அவர்களே கட்டி செக்யூரிட்டி அறையில் வைத்திருந்தார்கள். என்னுடைய தேத்தண்ணிக் கோப்பை மேலே தெரிந்தது. அதைப் பார்த்தபோதுதான் எல்லாம் உள்ளே போயிற்று. செக்யூரிட்டிக்காரர் தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு வெளியே போய் நின்றார்.

வீட்டுக்குத் திரும்பி வந்தவனைப் பார்த்து மனைவி, காய்ச்சலா என்று கேட்டாள். நான் நேராகச் சாமித் தட்டுக்குப் போனேன்.

"என்னங்க, அதப் பிரிக்காதீங்க" என்றாள்.

பிரித்தேன். மேலே ஒரு வாழ்த்து அட்டை, அதில் குத்தி வைத்த ஒரு புதுத் தாள். அதற்குப் பின்னால் ஒரு கடிதமும் ஓர் ஒப்பந்தமும். கம்பனியை மறுசீரமைக்கிறார்களாம். என் சேவைக்கு மிக்க நன்றியாம். நான் என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகுவதாகவும், இழப்பீடாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு இனி எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டேன் என்றும் ஒப்பந்தம் சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்கவேண்டும், அதுவரை வேலைக்கு வரத் தேவையில்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், மெடிகல் கார்ட் இந்த மாதத்தோடு நிற்கும் என்றிருந்தது. சந்தனம் காகிதத்தில் ஊறி, அந்த வரிக்கு மேல் மஞ்சளாகப் படிந்திருந்தது.

ஆபரேஷன் அடுத்த மாதம். அவள் ஒருதரம் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தால் கை பரபரக்கும், வாய் பேசாது. உடனே கையெழுத்தைப் போட்டு, ஒப்பந்தத்தை மெனேஜரின் மேசையில் எறிந்துவிட்டு வரவேண்டும் என்றுதான் தோன்றியது. குனிந்து கும்பிட்டவனிடம் இப்படிச் செய்தவர்களிடம் போய் இன்னும் கொஞ்சம் தாருங்கள், கார்டை நீட்டித் தாருங்கள் என்று கேட்பதா? கேட்டால் மறுபடி குனிந்ததாகிவிடும். எனக்கு ரோசம் அதிகம் என்று என் மனைவி எப்போதும் சொல்லுவாள். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்த நன்மை எதையும் அவள் இதுவரை கண்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுவாள்.

அன்று மாலை அவள் ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்தாள். நான்கூட அத்தனை நிதானமாக வாசிக்கவில்லை. வாசித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சொந்த விருப்பம்னு எழுதியிருக்காங்க. நீங்க விரும்பலையே. அப்ப எதுக்குங்க இதுல கையெழுத்து கேக்குறாங்க?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவங்க பெரிய கம்பனி, நினைச்சதச் செய்வாங்க, நம்ம என்ன செய்ய முடியும் என்று சத்தம் போட்டேன். அவளும் சத்தம் போடப் பார்த்தாள். குரல் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க முடியாத மனைவியிடம் சத்தம் போட்டுவிட்டு நின்ற அந்த நிமிஷம் எனக்குப் பயமாக இருந்தது. கடிதத்தைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம்.

அடுத்த நாளும் அலுவலக உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அக்கம்பக்கத்தார் கேட்பார்கள் என்ற வெட்கம். கட்டுகஸ்தோட்டையில் இறங்கி நின்றேன், போக இடமில்லை. மாத்தளைப் பஸ் வந்தது, கால் தானாக ஏறிவிட்டது. அது நான் பல வருஷம் போன வழி. என் வேலையே அதுதான். கடைகளில் காலாவதியான, உடைந்த, நனைந்த சாமான்களைக் கம்பனி திருப்பி எடுக்கும்போது, அதற்குக் கடைக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது என்று பேசி முடிக்கிற ஆள் நான். ரிட்டன் சேர் என்றுதான் கடைகளில் எனக்குப் பெயர்.

அக்குறணையில் இறங்கினேன். அங்கே மெயின் ரோட்டில் ஒரு மொத்தக் கடை. முதலாளி முஸ்லிம், ஏறக்குறைய என் வயது. நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் துரை என்று கிண்டலாகக் கூப்பிடுவார். ரிட்டன் விஷயத்தில் அவரைப்போல் என்னைப் படுத்தியவர் வேறு யாருமில்லை. ஒரு பெட்டி பிஸ்கட்டுக்காக ஒரு பகல் முழுக்க என்னை உட்கார வைப்பார். ஆனால் தேத்தண்ணியும் பகல் சாப்பாடும் தவறாமல் வரும். அன்றைக்கும் என்னைக் கண்டதும், பின்னால் கிடந்த நனைந்த சோப்புப் பெட்டிகளைக் காட்டப் புறப்பட்டார். நான் அதற்கு வரவில்லை என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியாததால் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். மனைவிக்கு அடுத்து முதன்முதலாகச் சொன்னது அவரிடம்தான்.

அவர் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். வருஷப் பிறப்புக் காசோடு சேர்த்தா தந்தார்கள் என்று இரண்டு தரம் கேட்டார். கைவிசேஷத்துக்கு இருக்கிற மரியாதை அவருக்கும் தெரியும். அவரும் சித்திரையில் சிங்கள வாடிக்கையாளர்களுக்கு வெற்றிலையில் காசு வைத்துக் கொடுக்கிறவர். தேத்தண்ணி வந்தது. குடித்தோம். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, ஏதோ ரிட்டன் பேசுகிற மாதிரி, மற்றப் பேப்பர் எங்கே என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"தொர, நீங்க கொண்டு வார மொதல் பேப்பர நான் ஒரு நாளும் படிச்சே இல்ல. ஒங்கட சேட்டுப் பையில ரெண்டாவது ஒண்டு ஈக்கிதுண்டு எனக்குத் தெரியும். ஒங்களுக்கு வேல படிச்சித் தந்த கம்பனிதானே இதயும் அடிச்சீக்கி?"

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் தொழிலில் அதுதான் முறை. ரிட்டனுக்குப் போகும்போது கம்பனி இரண்டு பேப்பர் தரும். முதலாவது ஃபைலில் இருக்கும், குறைந்த கணக்கு. இரண்டாவது சேட்டுப் பையில் இருக்கும், கம்பனி கொடுக்கத் தயாராக இருக்கிற கணக்கு. கடைக்காரர் முதலாவதிலேயே ஒப்பம் வைத்தால் நல்லது. முறைத்தால், உங்களுக்காக மட்டும் என்று சொல்லி இரண்டாவதை எடுப்போம். கம்பனி சொல்லுகிற முதல் கணக்கு கடைசிக் கணக்கில்லை என்பது எனக்குத் தெரிந்ததுபோல் அந்தப் பாதையில் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த என்வலப்பைப் பிரித்ததிலிருந்து அக்குறணைக் கடையில் உட்காரும்வரை, எனக்கும் ஒரு இரண்டாவது பேப்பர் இருக்கலாம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தும் தெரியவில்லை, அடுத்தவர் தொட்டுப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

அங்கிருந்து நேராகக் கண்டியில் தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் அதிகாரியாக இருந்தார். கடிதத்தில் சந்தனத்தைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். இதில் கையெழுத்து வைத்துவிட்டீர்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றதும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"அவையள் உங்களை அனுப்பிறதெண்டால், ஒண்டு உங்கட சம்மதம் எழுத்தில வேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளற்ற அனுமதி வேணும். அனுமதி எடுக்கிறது லேசில்லை. அதாலதான் உங்கட கையெழுத்தைக் கேக்கினம்."

என் மனைவி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னாள், அதுவும் கிசுகிசுத்த குரலில். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கையெழுத்து வைக்காமல் வழக்குக்குப் போகலாமா என்றும் யோசித்தோம். போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், அவளுடைய கழுத்து அத்தனை நாள் காத்திராது. ஆகவே பேசுவது என்று முடிவு செய்தோம். எனக்கு வேண்டியது கார்ட். மற்றதெல்லாம் பிறகு. பேசி, அவர்கள் கோபப்பட்டு முதல் பேப்பரையும் பறித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை அவளிடம் சொல்லவில்லை. அவளும் அதே பயத்தை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை போனேன். மெனேஜருடைய கதிரையில் எச்.ஆர். மிஸ் உட்கார்ந்திருந்தார், என்னைவிடப் பாதி வயது. மெனேஜர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், விருந்தாளி மாதிரி. நான் என்வலப்பை மேசையில் வைத்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. இது என்ன என்று மிஸ் ஆங்கிலத்தில் கேட்டார். மெனேஜர் தாழ்ந்த குரலில், அவர்கள் வீட்டில் இதைச் சாமியிடம் வைப்பார்கள் என்றார். மிஸ் என்வலப்பிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் பேசத் தொடங்கினார். எல்லோரும் முதல் நாளே ஒத்துழைத்தார்கள், நீங்கள் மட்டும்தான் தாமதம், இது நல்ல தொகை, இதற்கு மேல் நிறுவனத்தால் முடியாது. எனக்கு மனப்பாடமான வசனங்கள். கம்பனியால் இதற்கு மேல் முடியாது என்று நானே எத்தனை கடைகளில் சொல்லியிருப்பேன். அதே தொனி, அதே வருத்தமான புன்னகை. அக்குறணை முதலாளி இந்த இடத்தில் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் பேசவே மாட்டார். தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு என் சேட்டுப் பையைப் பார்ப்பார். எனக்கு யாரும் தேத்தண்ணி தரவில்லை. நான் மிஸ்ஸின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பையைப் பார்த்தேன்.

"இதில் நான் கையெழுத்து வைக்கப்போவதில்லை, மிஸ். மற்றப் பேப்பரைக் காட்டுங்கள்" என்றேன்.

இரண்டாவது பேப்பர் ஒன்று இருக்கிறது என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. மிஸ் மெனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மெனேஜர் தரையைப் பார்த்தார். பிறகு மிஸ் குனிந்து, பையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து அதை எடுத்து என் முன்னால் வைத்தார். அவ்வளவுதான். வாக்குவாதமில்லை, கொழும்புக்குப் போன் எடுக்கவில்லை, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லவில்லை.

தொகை கூடியிருந்தது. மெடிகல் கார்ட் வருஷ முடிவுவரை என்றிருந்தது. சந்தோஷப்பட்டிருக்கவேண்டிய இடம். ஆனால் என் கண் மேல் மூலையில் இருந்த தேதியில் நின்றுவிட்டது. முதல் பேப்பரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தேதி. நான் கேட்டதனால் வந்த பேப்பர் இல்லை இது. விளக்கேற்றுவதற்கு முன்பே, பால் பொங்குவதற்கு முன்பே, இரண்டும் சேர்ந்தே அடிக்கப்பட்டிருந்தன. என் மனைவியின் ஆபரேஷன் முதல் நாளிலிருந்தே அந்தக் கறுப்புப் பைக்குள் இருந்திருக்கிறது. நாங்கள் அன்றைக்குச் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று கேட்டது, கொழும்பில் ஏற்கெனவே அடித்து, நான் வாய் திறக்காவிட்டால் தரவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தது. நானே செய்த தொழில்தான். ஆனாலும் என்னால் நம்ப முடியவில்லை.

படிக்க நேரம் வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த ஒப்பந்தத்தில், இதைப் பற்றி யாருடனும் பேசக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதனால் கையெழுத்து வைப்பதற்கு முன்பே, முற்றத்தில் நின்று, முதல் நாள் கையெழுத்து வைத்த எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னேன். ஒருவர் நம்பவில்லை. ஒருவர் போனை வைத்துவிட்டார். லொறி ஓட்டுகிற தம்பி மட்டும், "கையெழுத்து வச்சாச்சே அண்ணே, இனி என்னத்தக் கேக்குறது" என்றான். அந்த வரியை மதித்துத்தான் இன்றைக்கும் இதில் யாருடைய பெயரையும் எழுதாமல் விடுகிறேன். அதற்கு மேல் மதிக்க எனக்கு மனமில்லை.

திரும்பிப் போய், சொந்த விருப்பம் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு நிறுவனத்தின் தேவை கருதி என்று போடச் சொன்னேன். அதற்கு மட்டும் மிஸ் கொழும்புக்குப் போன் எடுத்தார். நீண்ட நேரம் பேசினார். கடைசியில் மாற்றி அடித்துக் கொடுத்தார்கள். கையெழுத்து வைத்தேன். இந்த முறை யாரையும் கும்பிடவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேற்றுக்கு வருகையில் மெனேஜர் பின்னாலேயே வந்தார். நான் நிற்கவில்லை. அவர் வேகமாக நடந்து என் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. சிங்களத்தில்தான் பேசினார்.

"உங்கள் வீட்டில் அதைப் பிரிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மற்றவர்கள் கிழித்துப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் போய்விடட்டும் என்று உங்களை முதலில் கூப்பிட்டேன். பிரித்திருந்தால் நீங்களும் அன்றைக்கே கையெழுத்து வைத்திருப்பீர்கள்."

அப்படியானால் மற்றவர்கள் என்று கேட்டேன். அவருடைய உதடு மட்டும் அசைந்தது, என் மனைவிக்குக் குரல் வராதபோது அசைகிற மாதிரி. அவர் என்னைக் காப்பாற்றினாரா, அல்லது அந்தக் கையால் செய்ததற்கு ஒரு பரிகாரம் தேடிக்கொண்டாரா? இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. சில நாள் அவருக்கு நன்றி சொல்லத் தோன்றும், சில நாள் போன் எடுத்துத் திட்டத் தோன்றும். இரண்டையும் செய்ததில்லை.

ஆபரேஷன் குறித்த நாளிலேயே நடந்தது. கட்டி கெட்ட கட்டியில்லை என்று அறிக்கை வந்தது. குரல் திரும்பக் கொஞ்சக் காலம் பிடித்தது, பழைய குரலாகத் திரும்பவுமில்லை. அடித்தொண்டையில் ஒரு சின்னக் கரகரப்பு நின்றுவிட்டது. முன்பள்ளிப் பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள். எனக்கு இப்போது வத்தேகமயில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிற வேலை. சம்பளம் குறைவு, விரல் வைக்கிற மெஷின் கிடையாது.

இந்த வருஷப் பிறப்புக்கு எனக்குக் கைவிசேஷம் தர அலுவலகமுமில்லை, மெனேஜருமில்லை. சுபநேரத்துக்கு மனைவி வெற்றிலையில் ஓர் என்வலப்பை வைத்து நீட்டினாள். கழுத்தில் தழும்பு மறையச் சேலையைச் சுற்றியிருந்தாள். ஒற்றைக் கையால் வாங்கினேன். கண்ணில் ஒற்றவில்லை. அவளுக்கு முன்னாலேயே கிழித்து, தாளை எடுத்து, உள்ளே வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று என்வலப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். விளையாட்டுக்குச் செய்யவில்லை.

"நாந்தாங்க குடுத்தேன்" என்றாள் அந்தக் கரகரத்த குரலில்.

தெரியும் என்றேன். தெரிந்தும் இன்னொரு தரம் உள்ளே பார்த்தேன்.